பரிசேயனின் புத்தாண்டுப் பட்டியல்

டிசம்பர் மாதத்தின் கடைசி வாரத்தில் கற்பிட்டியிலிருந்து வென்னப்புவை வரையிலான கரையோரக் கோவில்களில் ஏதாவதொன்றுக்குத் திருப்பலிக்குச் சென்றால், வாங்கின் மீது ஒரு சிறு தாள் கிடப்பதைக் காணலாம். சில இடங்களில் சிங்களம், சில இடங்களில் தமிழ், உடைமை உள்ள பங்குகளில் இரண்டும். ‘புதிய ஆண்டில் என் ஆன்மிக இலக்குகள்’ என்பது போன்ற ஒரு தலைப்பு. அதன் கீழே கட்டங்கள். நாளொன்றுக்கு ஒரு செபமாலை. நாளொன்றுக்கு விவிலியத்தில் ஓர் அதிகாரம். மாதம் ஒருமுறை பாவசங்கீர்த்தனம். வெள்ளிக்கிழமை ஒருசந்தி. கைத்தொலைபேசியைப் பார்க்கும் நேரத்தைக் குறைத்தல். இறுதியில் கையொப்பமிட ஓர் இடம். சீர்திருத்த சபைகளில் இதே சரக்கு வேறு உறையில் வருகிறது. அங்கே வாக்குத்தத்த அட்டை, உடன்படிக்கை ஆராதனை, ஓராண்டில் வேதாகமத்தை முடிக்கும் அட்டவணை.

இந்தத் தாளோடு எனக்கொரு வழக்கு உண்டு. அதிலுள்ள ஒவ்வொரு வரியும் நல்ல வரிதான். செபமாலை சொல்ல வேண்டாம் என்று யார் சொல்லப் போகிறார்கள்? என் வழக்கு, அந்தத் தாளில் என்னைத் தவிர வேறொரு மனித உயிர் இல்லை என்பதுதான். நான், என் செபம், என் வாசிப்பு, என் நோன்பு, என் கைத்தொலைபேசி. மேலே கடவுள், கீழே நான். இடையில் ஒருவரும் இல்லை. தீவில் ஒதுங்கிய தனியாளும்கூட அந்தத் தாளிலுள்ள இலக்குகளில் பெரும்பாலானவற்றை நிறைவேற்றிவிடலாம்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் கண்டனம் ஒன்று உண்டு. ‘இலக்கு’ என்பதே கம்பெனிக்காரன் சொல், விற்பனைப் பிரதிநிதிக்கு மாதக் கடைசியில் கொடுக்கும் கணக்கைப் பரலோகத்துக்கும் கொடுக்கப் பார்க்கிறார்கள், மேனாட்டு முகாமைத்துவம் பலிபீடம் ஏறிவிட்டது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் சரித்திரம் இதற்கு இடம் தராது. புனித இஞ்ஞாசியார் தமது ஆன்மிகப் பயிற்சிகள் நூலில், ஒரு குறிப்பிட்ட குற்றத்தில் நாளொன்றுக்கு எத்தனை முறை விழுந்தோம் என்பதைக் கோடு போட்டுப் புள்ளி வைத்து எண்ணச் சொல்கிறார். அது 16ஆம் நூற்றாண்டு. அமெரிக்கப் போதகர் ஜொனதன் எட்வர்ட்ஸ் இருபது வயதை ஒட்டிய பருவத்தில், 1722-23 ஆண்டுகளில், தமக்கென 70 தீர்மானங்களை எழுதி வைத்துக்கொண்டார். ஜோன் வெஸ்லி 1755இல் தொடங்கிவைத்த உடன்படிக்கை ஆராதனைதான் பின்னாளில் மெதடிஸ்த சபைகளின் புத்தாண்டு வழக்கமாயிற்று. எண்ணுவதும் எழுதி வைப்பதும் கம்பெனிகள் தோன்றுவதற்கு முன்பே கிறிஸ்தவத்தில் இருந்தவைதான். (ஜனவரி முதலாம் திகதி கிறிஸ்தவரின் ஆண்டுப் பிறப்பே அல்ல, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறே திருவழிபாட்டு ஆண்டின் தொடக்கம் என்று நுணுக்கம் பேசுவோரும் உளர். பேசட்டும். வட்டிக்காரன் ஜனவரியில்தான் கணக்குப் பார்க்கிறான்.)

இன்னும் சொல்லப்போனால், இந்தக் கரைக்கு இலக்கு எழுதும் பழக்கத்தை யாரும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. தலவில புனித அன்னம்மாளின் திருத்தலத்துக்கு மார்ச் மாதத்திலும் ஆகஸ்ட் மாதத்திலும் திரளும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். நேர்த்தி என்பது என்ன? பிள்ளை பிழைத்தால் இதைச் செய்வேன், படகு கரை சேர்ந்தால் அதைத் தருவேன் என்ற வாக்குறுதி. இறையியலாளர்கள் இதைப் பேரம் என்று முகம் சுளிப்பார்கள். ஆனால் நேர்த்தியில் ஒரு நேர்மை இருந்தது. வைத்தது ஊருக்குத் தெரியும். வைத்தவர் செலுத்தாவிட்டால் தாயாரோ, மாமியாரோ, பக்கத்து வீட்டு ஆச்சியோ கேட்டே தீருவார். நமது புதிய தாளில் வைத்ததும் தெரியாது, விட்டதும் தெரியாது. அது பிப்ரவரி மாதத்தில் செபப் புத்தகத்துக்குள் அடையாளத் தாளாகிவிடுகிறது.

நிற்க. இலக்கு வைத்து அதை முழுமையாக நிறைவேற்றிய ஒரு மனிதரை நற்செய்தியே நமக்குக் காட்டுகிறது. லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் ஆலயத்துக்குச் செபிக்கப் போகும் பரிசேயர்தான் அவர். வாரத்துக்கு இரண்டு நோன்பு, வருமானம் அனைத்திலும் பத்திலொரு பங்கு காணிக்கை. மோசேயின் சட்டம் கட்டாயமாகக் கேட்ட நோன்பு ஆண்டுக்கு ஒன்றுதான், பாவப் பரிகார நாளில். இவர் ஆண்டுக்கு 104 நோன்பு இருக்கிறார். நமது தாளைக் கொடுத்தால் ஒரு கட்டம் விடாமல் சரி அடையாளம் இட்டிருப்பார். அவர் பொய் சொன்னார் என்று கதையில் எங்கும் இல்லை. ஆயினும் அவர் நீதிமானாக வீடு திரும்பவில்லை. ஏன்? அவருடைய செபத்திலும் இன்னொரு மனிதர் வருகிறார், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மட்டும். பக்கத்தில் நிற்கும் வரிதண்டுபவரைத் தாம் எவ்வளவு உயரம் என்று அளக்கும் கோலாகத்தான் பயன்படுத்துகிறார்.

ஒரு பக்கம் புரட்டினால் 19ஆம் அதிகாரம். அங்கேயும் ஒரு வரிதண்டுபவர். எரிக்கோவின் சக்கேயு. அவரும் ஓர் இலக்கு அறிவிக்கிறார். உடைமையில் பாதி ஏழைகளுக்கு. எவரையாவது ஏமாற்றி எதையாவது எடுத்திருந்தால் நான்கு மடங்கு. கவனியுங்கள், செபத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. நோன்பைப் பற்றி இல்லை. தினமும் தோராவில் எத்தனை பகுதி வாசிப்பேன் என்று இல்லை. இருப்பவை இரண்டு எண்கள். அந்த எண்களுக்குப் பின்னால் முகமுள்ள மனிதர்கள் இருக்கிறார்கள். மோசடி செய்தவர் முதலோடு ஐந்திலொரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்கிறது லேவியர் நூல். ஆட்டைத் திருடி விற்றவனுக்குத்தான் நான்கு மடங்கு. சக்கேயு தமக்குச் சலுகையான சட்டத்தை விட்டுவிட்டுக் கள்ளனுக்குரிய சட்டத்தைத் தாமே எடுத்துக்கொள்கிறார். அதையும் மனத்துக்குள் சொல்லவில்லை. முணுமுணுக்கும் கூட்டத்தின் முன்னால் எழுந்து நின்று சொல்கிறார். அந்தக் கூட்டத்தில் அவரால் வஞ்சிக்கப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள். நாளைக் காலை வாசலில் வந்து நிற்பார்கள். (கிரேக்க மூலத்தில் அந்த வினைகள் நிகழ்காலத்தில் உள்ளன, எனவே அவர் ஏற்கெனவே செய்துவந்ததைச் சொல்கிறார் என்று வாதிடும் அறிஞர்களும் இருக்கிறார்கள். அப்படியானால் என் வழக்கு இன்னும் வலுப்பெறுகிறது.) மீட்பு அந்த வீட்டுக்கு வந்தது என்று சொல்லப்படுவது இந்தக் கணக்குக்குப் பிறகுதான்.

இனி எரிக்கோவை விட்டு சிலாபத்துக்கு வருவோம். நமது மேற்குக் கரையில் கடல் அமைதியாக இருப்பது ஏறத்தாழ ஒக்டோபர் தொடங்கி ஏப்ரல் வரை. ஆக, புத்தாண்டு பிறப்பது தொழில் மும்முரமாக நடக்கும் பருவத்தின் நட்ட நடுவில். கரைவலைச் சம்மாட்டிக்கும் வலை இழுப்பவருக்கும், படகுச் சொந்தக்காரருக்கும் கடலுக்குப் போகிறவருக்கும் இடையில் கணக்குப் புழங்கும் காலம் அது. அந்தக் கணக்கு எப்படி நடக்கிறதென்று வெளிநாட்டில் வளர்ந்த வாசகருக்காகச் சொல்கிறேன். மீன் விற்ற பணத்தில் முதலில் செலவு கழிக்கப்படும். எண்ணெய், ஐஸ், சாப்பாடு. மிஞ்சியது படகுக்கும் வலைக்கும் ஒரு பகுதியாகவும் ஆட்களுக்கு ஒரு பகுதியாகவும் பிரியும். விகிதம் ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் வேறுபடும். பருவம் தொடங்குமுன் வாங்கிய முற்பணம் தொழிலாளியை அந்தப் படகோடு கட்டிவைக்கும். அவர் அந்தக் கணக்கைப் பார்க்கலாமா, பார்த்தால் புரியுமா, புரிந்தால் கேட்கலாமா என்பதெல்லாம் சொந்தக்காரரின் மனத்தைப் பொறுத்தது.

2012 பெப்ரவரியில் அரசாங்கம் மண்ணெண்ணெய் விலையை ஒரேயடியாக 71 ரூபாயிலிருந்து 106 ரூபாயாக உயர்த்தியது. சிலாபத்து மீனவர்கள் வீதிக்கு இறங்கினார்கள். பெப்ரவரி 15ஆம் திகதி துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் இறந்தார். பின்பு 2022 ஆகஸ்டில், நாடே பொருளாதாரத்தில் கவிழ்ந்து கிடந்த வேளையில், அதே மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குத் தாவியது. இரண்டு முறையும் அரசாங்கத்தைத் திட்டி எழுதினோம். திட்ட வேண்டியதுதான். ஆனால் எண்ணெய் விலை ஏறிய மறுநாள் அந்தச் சுமை பங்குக் கணக்கில் எங்கே விழுகிறது என்று யாராவது எழுதினோமா? செலவு முதலில் கழிக்கப்படுகிற முறையில், விலையேற்றத்தின் ஒரு பகுதி சத்தமில்லாமல் ஆட்களின் பங்கிலிருந்து போகிறது. இரு தரப்பும் ஞாயிற்றுக்கிழமை ஒரே பீடத்தின் முன்தான் முழந்தாளிடுகிறது. பெரும்பாலும் ஒரே வாங்கில். சமாதானம் பகிரும் நேரத்தில் கைகூப்பி ஒருவரையொருவர் வணங்குகிறார்கள். புத்தாண்டுத் தாளில் அந்தக் கணக்குப் புத்தகத்துக்கு மட்டும் கட்டம் இல்லை.

‘அது தொழில் விஷயம், ஆன்மிகம் அல்ல’ என்று பதில் வரும். எனக்கு வியப்பளிக்கும் பதில் இது. ஏனென்றால் இதே மறைமாவட்டம் தொழிலையும் மண்ணையும் ஆன்மிகத்தோடு சேர்த்துப் பேசத் தெரிந்ததுதான். நுரைச்சோலையில் நிலக்கரி மின்நிலையம் வரப்போகிறது என்றபோது, தலவிலத் திருத்தலத்தின் புனிதத்தையும் மீனவரின் பிழைப்பையும் முன்வைத்து எதிர்த்து நின்றவர்கள் கத்தோலிக்க மக்கள். அன்றைய சிலாபம் ஆயர் பிராங்க் மார்கஸ் பெர்னாண்டோ ஆண்டகை வெளிப்படையாக எதிர்த்தார். தோற்றார்கள். 2011இல் முதல் அலகும் 2014க்குள் மற்ற இரண்டும் இயங்கத் தொடங்கி, இன்று 900 மெகாவாட் நிலையமாக அது புகைந்துகொண்டிருக்கிறது. தூசும் சாம்பலும் பற்றிய முறைப்பாடுகளும் கூடவே தொடர்ந்தன. தோற்ற போராட்டமானாலும் அதை நான் மதிக்கிறேன். அன்று அந்த மக்களின் இலக்கு வெளியே, மண்ணில் இருந்தது. வென்றோமா தோற்றோமா என்று எவரும் பார்த்துச் சொல்லக்கூடிய இலக்கு. திருத்தலத்தைக் காக்கக் குரல் எழுப்பத் தெரிந்தவர்களுக்கு, அடுத்த வீட்டுக்காரரைக் காக்க அதே குரல் எழுந்ததா என்பதுதான் நான் இனிக் கேட்கப்போவது.

2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு. மா ஓயாவுக்கு அப்பால் கட்டுவப்பிட்டிய புனித செபஸ்தியார் கோவிலிலும், கொழும்பில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், நட்சத்திர விடுதிகளிலும் நிகழ்ந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. 250க்கும் மேற்பட்ட உயிர்கள். மா ஓயாவின் இரு கரைகளும் கொண்டும் கொடுத்தும் வாழும் ஊர்கள். துக்கம் இந்தப் பக்கமும் வீடு வீடாக இருந்தது. மூன்று வாரம் கழித்து, மே 12ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, முகநூலில் ஒரு முஸ்லிம் வணிகர் எழுதிய ஒரு வரியைச் சாட்டாக வைத்து சிலாபத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. ஊரடங்குச் சட்டம் போடப்பட்டது. மறுநாள் வன்முறை குளியாப்பிட்டி, மினுவாங்கொடை என்று பரவியது. நம்முடைய மாவட்டத்திலேயே, கொட்டாரமுல்லையில், ஒரு முஸ்லிம் தச்சுத் தொழிலாளி வெட்டிக் கொல்லப்பட்டார். நோன்பு மாதம் அது.

கும்பலில் நின்றவர் எந்த மதத்தினர் என்பதைத் தீர்ப்பது என் வேலை அல்ல. அது நீதிமன்றத்தின் வேலை. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை அந்த நாள்களில் பழிவாங்க வேண்டாம் என்று மீண்டும் மீண்டும் மன்றாடினார் என்பதையும் மறக்காமல் பதிகிறேன். அவர் மன்றாடியிராவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும். ஆனால் கல்லெறிந்தவரைப் பற்றியதல்ல என் கேள்வி. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே செபமாலை சொன்னவரைப் பற்றியது. அதன் பிறகு மாதக்கணக்கில் முஸ்லிம் கடையில் சாமான் வாங்காமல் விலகிப் போனவரைப் பற்றியது. 2020ஆம் ஆண்டு பிறந்தபோது நான் பார்த்த எந்தப் புத்தாண்டுத் தாளிலும் ‘உடைந்த கடைக்காரரின் வாசலுக்குப் போவேன்’ என்றொரு வரி இருக்கவில்லை. செபமாலை இருந்தது. அதிகாரம் இருந்தது. ஒருசந்தி இருந்தது.

‘செத்தது எங்கள் பிள்ளைகள், போய் மன்னிப்புக் கேட்க வேண்டியது நாங்களா?’ என்ற கேள்வி எனக்குக் கேட்காமல் இல்லை. பிள்ளையைப் புதைத்த தாயிடம் நான் எந்த இலக்கையும் நீட்டத் துணியமாட்டேன். அவரிடம் பேச எனக்குச் சொல் இல்லை. ஆனால் நம்மில் பெரும்பாலோர் அந்தத் தாய் அல்லர். அவருடைய துக்கத்தைக் கடன் வாங்கி, அதைக் காட்டி அயலவரோடு கணக்கு முடித்துக்கொண்டவர்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களைத் துரத்தியபோது அவர்களில் பெரும்பாலோர் வந்து சேர்ந்தது இந்தப் புத்தளம் மாவட்டத்தில். மன்னாரிலிருந்து பலர் கடல்வழியே கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். மாற்றுடை இல்லாமல் வந்தவர்களுக்கு இந்த மாவட்டத்து மக்கள் சோறு கொடுத்தார்கள், நிலம் கொடுத்தார்கள். அன்று யாரும் தாள் அச்சடித்து இலக்கு வைக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும். அது கனமான மறுப்பு, தட்டிக்கழிக்க முடியாது. ‘உள்வாழ்வு இல்லாத சமூகப்பணி வெறும் தொண்டு நிறுவன வேலை. வேர் செபம். வேரை முதலில் பார்ப்போம், கனி தானாக வரும்’ என்பார்கள். பாப்பரசர் பிரான்சிஸ் 2013இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மறுநாள் ஆற்றிய மறையுரையிலேயே, கிறிஸ்துவை அறிக்கையிடாத திருச்சபை ஓர் இரக்கமுள்ள தொண்டு நிறுவனமாகிவிடும் என்ற பொருளில் எச்சரித்தார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கரையில் செபம் குறைந்துபோயிற்று என்று யார் சொன்னது? சந்திக்குச் சந்தி மாதாவும் அந்தோனியாரும் செபஸ்தியாரும் கண்ணாடிக் கூட்டுக்குள் நிற்கிறார்கள். திருநாள்களுக்குப் பஞ்சமில்லை. மரம் நூற்றாண்டுக்கணக்கில் வேர்விட்டு நிற்கிறது. கனி எங்கே என்று கேட்டால் ‘இன்னும் கொஞ்சம் வேருக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம்’ என்கிறீர்கள்.

வேரையும் கனியையும் பிரிக்காத ஒருவர் இந்த மண்ணில் நடந்திருக்கிறார். கோவாவிலிருந்து 1687இல் யாழ்ப்பாணத்துக்கு மாறுவேடத்தில் வந்திறங்கிய யோசேப் வாஸ் அடிகள். ஒல்லாந்தர் தேடத் தொடங்கியதும் 1690இல் புத்தளத்துக்கு வந்து ஓராண்டளவில் பணியாற்றினார். பின்பு கண்டிக்குப் போய் ஒற்றர் என்ற சந்தேகத்தில் சிறைப்பட்டார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, சொந்தக்காரரே நோயாளிகளைக் கைவிட்டு ஓடியபோது, அவரும் இன்னொரு குருவும் அவர்களைக் கழுவி, ஊட்டி, இறந்தவர்களைப் புதைத்தார்கள். யார் கத்தோலிக்கர், யார் பௌத்தர் என்று கேட்டுச் செய்யவில்லை. நீண்ட நேரம் செபித்த மனிதர் அவர். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத் திடலில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கப்பட்டபோது இந்தக் கரையிலிருந்து பஸ் பஸ்ஸாகப் போனோம். கொடி ஏற்றினோம். சுரூபம் வைத்தோம். அவர் செய்ததைச் செய்வதற்கு மட்டும் நமக்குக் கட்டம் கிடைக்கவில்லை.

வாஸ் அடிகளின் பின்வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளும் இந்த மாவட்டத்தின் மனிதர்தான். 1742இல் போலவத்தையில் இறந்தார். கொங்கணியைத் தாய்மொழியாகக் கொண்டவர், தமிழும் சிங்களமும் கற்று, இரண்டிலும் நூல்கள் எழுதி, அகராதி தொகுத்தார். அவருடைய ‘வியாகுல பிரசங்கம்’ இன்றும் தவக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒலிக்கிறது. அவர் கண்மூடிய கரையில் அதை வாசிக்கத் தெரிந்த குடும்பங்கள் அருகிவிட்டன. கடந்த நூற்றாண்டில் பள்ளிக்கூடங்களின் போதனாமொழி சிங்களமாக்கப்பட்டதோடு வீட்டுத் தமிழும் தேய்ந்த கதையை வாசகர் அறிவர். அதில் எட்மண்ட் பீரிஸ் ஆண்டகையின் பங்கு இன்றும் சர்ச்சையாகவே இருக்கிறது. அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இங்கே ஒன்று மட்டும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்துகொண்டு ‘நீர்கொழும்பு, சிலாபத் தமிழரை இழந்தோமே’ என்று ஆண்டுதோறும் கண்ணீர் விடும் நண்பர்களே, அந்த மக்களில் ஒருவரோடாவது அவர் பேசும் மொழியில் பேச இந்த ஆண்டு உங்கள் பட்டியலில் இடமுண்டா? இரண்டு அந்நிய மொழிகளை நம்மிடம் பேசுவதற்காகவே கற்ற கொங்கணிக்காரரின் கல்லறைக்கு நீங்களும் நானும்தான் மாலை போடுகிறோம்.

பங்குத்தந்தையர் சிலர் என்மீது கோபப்படுவார்கள். அவர்களுக்குத் தாளை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. அச்சகத்துக்குப் போகுமுன் ஒரு மாற்றம் செய்யுங்கள். இருக்கிற கட்டங்களில் பாதியை எடுத்துவிட்டு அங்கே மூன்று கோடுகள் போடுங்கள். முதற்கோட்டில் ஓர் ஆளின் பெயர், கடவுளின் பெயரோ புனிதரின் பெயரோ அல்லாமல், இந்த ஊரில் வசிக்கும் ஒருவருடைய பெயர். இரண்டாவது கோட்டில் அவருக்கு நான் கொடுக்க வேண்டியது. பணமென்றால் தொகை, பேசவேண்டிய வார்த்தையென்றால் அந்த வார்த்தை. மூன்றாவதில் ஒரு திகதி. மார்ச் மாதத் தலவிலத் திருநாளுக்கு முன்பாக ஒரு திகதி என்றால் கடல் அமைதியாக இருக்கும்போதே, கையில் காசு இருக்கும்போதே, கணக்குத் தீரும். படகுக்காரர் தம் ஆட்களின் கணக்கை அவர்கள் முன்னிலையில் வாசித்துக் காட்டலாம். சீட்டு முடிந்தும் பணம் கொடுக்காதவர் கொடுக்கலாம். 2019 மே மாதத்துக்குப் பின் ஒரு கடைப்படியை மிதிக்காதவர் மிதிக்கலாம். அங்கே போய் ஒரு கிலோ சீனி வாங்கினாலே போதும், உரை நிகழ்த்த வேண்டாம்.

எழுதிய தாளை உண்டியலில் போடச் சொல்லாதீர்கள். பலிபீடத்தில் எரிக்கவும் வேண்டாம். அது இப்போது சில இடங்களில் நடக்கிறது, பார்க்க அழகாகவும் இருக்கிறது, ஆனால் சான்றையே எரித்துவிடுகிறது. முதற்கோட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். திகதி தவறினால் அவர் வந்து கேட்பார்.